'கிரெபுஸ்குலும்' என்ற லத்தீன் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது?

அந்தி நேரம் என்பதுதான் நேரடிப் பொருள். சூரியன் மறைந்தும் முழு இருட்டு வராமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம். ஆனால் இந்தச் சொல்லுக்குள் இருட்டைவிட சந்தேகம்தான் கூடுதலாக இருக்கிறது. எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான்.

லத்தீனில் 'கிரெபர்' என்று ஒரு பழைய சொல் உண்டு. மங்கலான, நிச்சயமில்லாத என்று பொருள். ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் தன் கவிதையில், யார் ஜெயிப்பார் என்று தெரியாத போரை இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். கிரெபுஸ்குலும் இதிலிருந்து பிறந்தது.

இதை முதலில் விளக்கிச் சொன்னவர்களில் ஒருவர் ரோமானிய அறிஞர் வார்ரோ (கி.மு. 116–27). 'இன்னும் பகல்தானா, இல்லை இரவு வந்துவிட்டதா' என்று பலருக்கும் சந்தேகம் வரும் நேரம், அதனால் இந்தப் பெயர் என்கிறார். வார்ரோ சொல்லும் சொற்பிறப்புகளில் பலவற்றை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் கிரெபரோடு உள்ள உறவை இன்றைய லத்தீன் அகராதிகளும் சொல்கின்றன.

அவர் தரும் இன்னொரு தகவல் எனக்கு இன்னும் பிடிக்கும். ரோமானியர் இந்தச் சொல்லை, பக்கத்தில் வாழ்ந்த சபைனியர் என்ற பழைய இத்தாலிய மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்களாம். அந்தச் சபைனியரின் அமித்தெர்னும் ஊரில் அந்தியில் பிறந்தவர்களுக்கு 'கிரெபுஸ்குஸ்' என்றும், ரெயாத்தே பக்கம் விடியலில் பிறந்தவர்களுக்கு 'லூசியஸ்' என்றும் பெயர் வைப்பார்களாம். ரெயாத்தே வார்ரோவின் சொந்தப் பகுதி. ஊர்ப்பக்கத்துப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாமும் 'மாலை மயங்கும் நேரம்' என்கிறோமே, மயங்குவது என்றால் குழம்புவதும்தானே!

விடியலுக்கு லத்தீனில் 'டிலூகுலும்' என்று தனிச்சொல் இருந்ததால், கிரெபுஸ்குலும் பெரும்பாலும் மாலையையே குறித்தது. பிற்காலத்தில் இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. அதனால்தான் விடியலிலும் அந்தியிலும் நடமாடும் முயல் போன்ற விலங்குகளை உயிரியலில் 'கிரெபஸ்குலர்' என்கிறார்கள். இத்தாலிய மொழியில் 'கிரெபுஸ்கோலோ', ஸ்பானிய மொழியில் 'கிரெபூஸ்குலோ' என்று சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், 1542இல் போர்ச்சுக்கல் கணித அறிஞர் பெத்ரோ நூனிஷ் இந்தச் சொல்லையே தலைப்பாக்கி லிஸ்பனில் ஒரு லத்தீன் நூல் வெளியிட்டார். ஆண்டில் எந்த நாளில் அந்தி மிகக் குறுகியதாக இருக்கும் என்பதை அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்.