முதலில் சுவர், அப்புறம் மீன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (குன்னூர் வாசகர்): எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் பார்த்தால் ஒரு தளம், பள்ளத்துப் பக்கம் பார்த்தால் இரண்டு. கீழே 14 அடிக்கு 12 அடியில் ஒரு ரூம், இத்தனை வருஷமாக விறகும் பழைய சாமானும்தான் கிடக்கிறது. அதைப் பூசி, பலகை அடித்து, சுவரோடு சுவராக 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் மீன் தொட்டி பதிக்க ஆசை. மழைக்காலத்தில் பின்சுவரில் கொஞ்சம் ஈரம் தெரியும், ஜிப்சம் போர்டு அடித்துவிட்டால் மறைந்துவிடும் என்கிறார் கார்பென்டர். அடுத்த மாதமே ஆரம்பிக்கலாமா ஐயா?

பதில்: அடுத்த மாதம் வேண்டாம். ஆசை நல்ல ஆசை, ரூமும் தோதானதுதான், ஆனால் "கொஞ்சம் ஈரம்" என்று ஒரே வரியில் நீங்கள் தாண்டிப் போன அந்தப் பின்சுவர்தான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதற்குப் பின்னால் இருப்பது மலை. மழை நாளில் மேலே மண் குடிக்கிற தண்ணீரெல்லாம் சரிவில் இறங்கி வந்து முட்டி நிற்கிற இடம் அது. அங்கே ஜிப்சம் அடித்தால் ஈரம் நிற்காது, உங்கள் பார்வையிலிருந்து மட்டும் போய்விடும். போர்டின் காகிதத்தில் பூஞ்சை ஏறி, கதவைத் திறக்கும்போதே வாடை அடிக்கும், அப்போது பிரிக்கலாம் என்றால் முன்னால் ஒரு டன் கனத்தில் தொட்டி நிற்கும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மலையில் சுவர் இரண்டு விதமாக நனையும்: மண்ணிலிருந்து ஊறி வருவது ஒன்று, குளிர்ந்த சுவரில் ரூமின் காற்றே பட்டு வியர்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றரை அடி சதுரத்தில் தெளிவான பாலிதீன் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள், இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோர்த்திருந்தால் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், பூத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து நீர் வந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மண்ணிலிருந்துதான் என்றால், வேலையை வெளியே ஆரம்பிக்க வேண்டும். தகரக் கூரைத் தண்ணீர் வீட்டின் பின்பக்கமே கொட்டுகிறதா? மேல்பக்கக் கால்வாய் மண் மூடிக் கிடக்கிறதா? பாதி வீடுகளில் கோளாறு இந்த இரண்டில்தான் இருக்கும், கூரைக்கு வாய்க்காலும் குழாயும் போட்டு, கால்வாயைத் தூர் வாரிச் சரிவு கொடுத்தாலே சுவர் பாதி காய்ந்துவிடும். அதற்கும் மேல் வந்தால், சுவரின் வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, அடியில் ஓட்டை போட்ட குழாய் வைத்து, மேலே ஜல்லி நிரப்பி, தண்ணீர் சுவருக்கு வராமல் பக்கவாட்டில் ஓடிப் போகிற மாதிரி செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் தோண்டக் கூடாது, பின்னால் நிற்கும் மண் இறங்கிவிடும். தோண்டும் முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கட்டட இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொன்னபின் தோண்டுங்கள். உள்பக்கம் பூச வேண்டி வந்தால் சாதாரண வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் பயன்படாது, பின்னாலிருந்து தள்ளும் நீர் அதைத் தோல் உரிப்பது போல உரித்துவிடும், சிமென்ட்டோடு சேர்ந்து சுவருக்குள் இறங்கிக் கெட்டியாகிற ரகப் பூச்சுதான் நிற்கும்.

தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை மட்டும் யார் சொன்னாலும் அடைக்காதீர்கள். தண்ணீர் சொட்டுகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று சிமென்ட் வைத்து அடைப்பவர்கள் உண்டு. வடிய வழியில்லாத தண்ணீரின் பாரம் முழுவதும் சுவர்மேல் ஏறும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள், தண்ணீருக்கு வழி விடாத மண் என்ன செய்யும் என்பதைக் குன்னூர்க்காரர் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு வடகிழக்கு மழையைத் தாண்ட விடுங்கள். குன்னூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சுவருக்கு உண்மையான பரீட்சை. அதில் காய்ந்து நின்றால் ஜனவரியில் கார்பென்டரைக் கூப்பிடலாம்.

சரி, தொட்டி எங்கே வைப்பது? சரிவில் வீடு கட்டும்போது மலைப்பக்கம் வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் நிரப்பித்தான் தரையைச் சமன் செய்வார்கள். அதனால் ரூமின் உள்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் நிற்கும், வெளிப்பாதி நிரப்பிய மண்ணில் நிற்கும். உங்கள் தொட்டிக்கு 680 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும், அதுவே 680 கிலோ. 12 மில்லி கண்ணாடியில் செய்தால் கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல், அதோடு கல், மணல், இரும்பு ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை எட்டிவிடும், அத்தனையும் 12 சதுர அடியில். நிரப்பு மண் ஒரு பக்கம் லேசாக அமுங்கினால் போதும், தொட்டி கோணி, சிலிகான் ஒட்டு பிரியும். ஆகவே கெட்டி மண் பக்கம்தான் வைக்க வேண்டும். ஆனால் ஈரச்சுவரும் அந்தப் பக்கம்தானே என்பீர்கள். அதற்காகத்தான் சொல்கிறேன், தொட்டியைப் பின்சுவரில் பதிக்காதீர்கள். பின்சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி ஸ்டாண்டை நிறுத்தி, அதன் முன்னால் ஒரு பலகைச் சுவர் எழுப்பி, கண்ணாடி மட்டும் தெரிகிற மாதிரி அதில் ஜன்னல் விடுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுவரில் பதித்தது போலவே இருக்கும். பின்னால் கிடைக்கிற அந்தச் சந்தில் நின்றுதான் ஃபில்டர் கழுவ, தண்ணீர் மாற்ற, வலை போட முடியும், பின்சுவரையும் எதுவும் அடிக்காமல் வெறுமனே விட்டால் எந்த மழையில் எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். 14 அடியில் நாலரை அடி போனாலும் உட்கார்ந்து பார்க்க ஒன்பது அடிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, தாராளம்.

பலகைச் சுவரின் பாரம் தொட்டிமேலோ தொட்டியின் பாரம் பலகைமேலோ விழக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கட்டும். ஜிப்சத்துக்குப் பதில் சிமென்ட் போர்டு போடுங்கள். தொட்டிக்கு மேல் ஒன்றரை அடியாவது கை போக இடம் விடுங்கள், இதை மறந்துவிட்டுக் கூரைவரை அடைத்த தொட்டிகள் நிறைய, அவற்றில் ஒரு செத்த மீனை எடுக்கக்கூட முடியாது. தொட்டிக்கு மூடி போடுங்கள், சந்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து ஆவியாகும் தண்ணீரே புதுப் பலகையை நனைத்துவிடும்.

வாராவாரம் 150 லிட்டராவது வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதை ஜன்னல் வழியாகச் சரிவில் கொட்டாதீர்கள், உங்கள் வீட்டைத் தாங்கும் நிரப்பு மண்ணிலேயே அது இறங்கும். குழாய் போட்டுக் கால்வாய்வரை கொண்டுபோய் விடுங்கள். கரன்ட் விஷயத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், பிளக் பாயின்ட் எல்லாம் தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும், ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு முறை தொங்கி ஏறினால் அதில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

கேள்வி (ஊட்டி வாசகி): எங்கள் வீட்டுக்குக் கீழே ரூம் எதுவும் இல்லை. அடியில் மண்ணைத் தோண்டி ஒரு ரூம் எடுத்து அதில் தொட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. நீலகிரியில் மண் வெட்டவும் பொக்லைன் இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கட்டடத்துக்குத் தனி அனுமதி, அது ஒரு பக்கம். அனுமதியே கிடைத்தாலும், குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டுவது உங்கள் வீட்டுக்கும் மேலே இருப்பவர் வீட்டுக்கும் ஆபத்து. ஹாலில் ஒரு மூன்றடித் தொட்டி வையுங்கள், அதுவே அழகுதான்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): கீழ் ரூமில் 6 அடித் தொட்டி தயார். டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசை. ஹீட்டர் போட்டால் கரன்ட் பில் எவ்வளவு வரும்?

பதில்: டிஸ்கஸ் 28 டிகிரி கேட்கும். டிசம்பர், ஜனவரியில் உங்கள் கீழ் ரூம் 14 டிகிரியில் கிடக்கும். இந்த வித்தியாசத்தைப் பிடித்து வைக்க 300 வாட்ஸ் ஹீட்டர் இரண்டு வேண்டும், இரண்டும் சேர்ந்து சராசரியாக 350 வாட்ஸ் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலே நாளுக்கு 8 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் இதற்கு மட்டும் 500 யூனிட். வீட்டு உபயோகமும் சேர்ந்து 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் கட்டணமே ஏறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெர்மாகோல் ஒட்டினால் கொஞ்சம் குறையும். ஆனால் மழையில் மரம் விழுந்து நாள் முழுக்கக் கரன்ட் போகும் ஊரில், ஹீட்டரை நம்பி வாழ்கிற மீனை வைப்பது அந்த மீனுக்கு நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். தண்ணீர் சூடாகச் சூடாக இன்னும் குறையும். சென்னையில் 28 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால் கொடைக்கானலில் அதே தண்ணீர் 6 மில்லிகிராம்தான் பிடிக்கும். 16 டிகிரியில் விட்டால் உங்கள் ஊரிலேயே 7.7 வரை பிடிக்கும். மலையின் குளிருக்கு ஏற்ற மீனை வைத்தால் ஹீட்டரும் மிச்சம், மீனுக்கு மூச்சும் நன்றாக இருக்கும். கோல்டுஃபிஷ்ஷில் நீள உடம்புள்ள காமெட் ரகம் அருமையாக வளரும். சின்ன மீன் கூட்டமாக வேண்டுமென்றால் வொயிட் கிளவுட் மின்னோ, ரூம் 18 டிகிரிக்குக் கீழே போகாது என்றால் ரோஸி பார்ப், ஸீப்ரா டேனியோ. கோய் வேண்டாம், இரண்டடிக்கு வளரும், அது குளத்து மீன். ஏர் பம்பை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் கரன்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கித் தரைக்கு வந்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி வாசகி): மேட்டுப்பாளையத்திலிருந்து கோல்டுஃபிஷ் வாங்கி வருகிறோம், ஒரு வாரத்தில் செத்துப் போகிறது. பாக்கெட்டிலேயே சிலது மிதக்கின்றன. தொட்டி புதுசு, தண்ணீர் ஊற்றுத் தண்ணீர். என்ன குறை?

பதில்: கீழே இறுக்கி ஆக்சிஜன் அடைத்த பை மேலே ஏற ஏற உப்பும், சில சமயம் ஒட்டு விட்டுப் போகும், கடைக்காரரிடம் பையைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் உடனே கொட்டாதீர்கள். கீழே 30 டிகிரியில் இருந்த மீன் உங்கள் 16 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் தாங்காது. பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, தொட்டியில் மிதக்க விட்டு, அரை டம்ளர் அரை டம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒரு வாரத்தில் சாவதற்குக் காரணம் வேறு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கே விஷம், அதைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் ஊற வேண்டும், குளிரில் அது மெதுவாகத்தான் ஊறும், கீழே ஒரு மாதம் என்றால் உங்கள் ஊரில் இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை இரண்டே மீன், கொஞ்சமே கொஞ்சம் தீனி. தெரிந்தவர் யாரிடமாவது நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் அவர்கள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பஞ்சு கேட்டு வாங்கி உங்களுடையதில் போடுங்கள், இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. அப்புறம் உங்கள் ஊற்றுத் தண்ணீர். மலைப்பாறையில் சுண்ணாம்பு குறைவு, அதனால் நம் தண்ணீர் மிருதுவானது, குடிக்க, துவைக்க நல்லது, கோல்டுஃபிஷ்ஷுக்கு அவ்வளவு நல்லதில்லை, நாள்பட நாள்பட அமிலத்தன்மை ஏறிவிடும். கழுவிய கிளிஞ்சலை ஒரு கைப்பிடி துணிப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் சரியாகும்.

கேள்வி (அதே கோத்தகிரி வாசகி): நாங்கள் கோயம்புத்தூருக்கு மாறிப் போக வேண்டி வந்தால், பெரிய மீன்களைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கோல்டுஃபிஷ் குளிர்ந்த ஏரியில் சாகாது, அதுதான் பிரச்சினை. சேற்றைக் கிளறும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், பெருகும், அப்புறம் யாராலும் பிடித்து முடிக்க முடியாது. மீன் வாங்கிய கடையில் கேளுங்கள், பல கடைக்காரர்கள் பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தொட்டி வைத்திருக்கும் பள்ளிக்கூடமோ ஹோட்டலோ பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.