ராக்கி மவுண்டன் ஆர்சனல்: அந்த விஷ மண் எங்கே போனது? (கேள்வி பதில்)

அமெரிக்காவில் டென்வர் நகரத்தை ஒட்டி இருக்கும் ராக்கி மவுண்டன் ஆர்சனல் முன்பு ராணுவ ரசாயன ஆலை. இன்று வனவிலங்குச் சரணாலயம். மண் மாசுத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் அதைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டார்கள். என் பதில்கள் இவை.

ராணுவ இடத்தில் பூச்சிமருந்து எப்படி வந்தது சார்?

1942-ல் போருக்காகக் கட்டிய இடம். கடுகு வாயு என்ற நச்சு ஆயுதம், நாபாம் என்ற தீக்குண்டுப் பசை எல்லாம் அங்கே தயாரானது. போர் முடிந்ததும் சும்மா கிடந்த ஆலைகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 1952 முதல் 1982 வரை ஷெல் நிறுவனம் ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகளை அங்கே தயாரித்தது. அதே வளாகத்தில் ராணுவம் சாரின் நச்சு வாயுவையும் தயாரித்தது. இரண்டின் கழிவும் வெறும் மண் குட்டைக்குப் போனது. வடக்கே கிணற்று நீர் பாய்ச்சிய வயல்களில் பயிர் கருகத் தொடங்கியது. அதற்கு அப்புறம்தான், 1956-ல், அடியில் தார்ப்பூச்சு போட்ட 93 ஏக்கர் குட்டை வெட்டினார்கள். பேசின் எஃப் என்று பெயர். கடைசியில் அதுவும் கசிந்தது.

கழிவைப் பூமிக்குள் இறக்கியதால் நிலநடுக்கம் வந்ததாமே?

வந்தது. 12,045 அடி ஆழக் கிணற்றில் 1962 முதல் கழிவை இறக்கினார்கள்; டென்வர் குலுங்க ஆரம்பித்தது. 1966-ல் நிறுத்தினார்கள். பெரிய நடுக்கங்கள் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

இத்தனை வருடத்தில் மருந்து தானாக மக்கியிருக்காதா?

ஆல்ட்ரின் மக்கும். ஆனால் டீல்ட்ரினாக மாறும், அதுதான் சிக்கல். டீல்ட்ரின் தண்ணீரில் லேசில் கரையாது, மண்ணை விட்டு நகராது. மண்புழு தின்னும், புழுவைப் பறவை தின்னும். ஒவ்வொரு படியிலும் உடல் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும்.

பூசணி நட்டால் உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

பூசணிக் குடும்பம் டீல்ட்ரினை உறிஞ்சுவது உண்மை. ஆனால் வேர் எட்டும் ஆழம் வரைதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு விஷக் கொடியை எங்கே போடுவீர்கள்? இவ்வளவு மோசமான இடத்துக்கு இது சரிப்படாது.

சூடாக்கி அழித்திருக்கலாமே ஐயா?

முயன்றார்கள். பூச்சிமருந்து தயாரிப்பில் மிஞ்சிய கசடைக் கொட்டிய ஹெக்ஸ் பிட் என்ற குழியில், 2002-ல், தரைக்குள் சூடேற்றும் குழாய்களை இறக்கினார்கள். கசடு முழுக்கக் குளோரின் சேர்மம். சூடானதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பி அந்தக் குழாய்களையே அரித்துவிட்டது. இரண்டு வாரம்கூட ஓடவில்லை, மூட்டை கட்டினார்கள். பேசின் எஃப்-பின் திரவத்தை மட்டும் தொண்ணூறுகளில் உலையில் எரித்து முடித்திருந்தார்கள். திரவம் வேறு, மண் வேறு.

அப்போ மண்ணை என்னதான் செய்தார்கள்?

இடம் மாற்றிப் பூட்டினார்கள். இதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘சுத்தம் செய்தார்கள்’ என்றால் விஷம் அழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மோசமான மண்ணைத் தோண்டி அதே வளாகத்துக்குள் கட்டிய குப்பைப் புதைகுழிகளில் போட்டார்கள்; பேசின் எஃப் மண் போன குழிக்கு அடியில், கசிவைத் தடுக்க மூன்றடுக்கு விரிப்பு. தோண்டாமல் விட்ட இடங்களுக்கு மேல்மூடி. அந்த மூடியில் எனக்குப் பிடித்த விஷயம், டென்வரின் பழைய ஸ்டேபிள்டன் விமான நிலைய ஓடுபாதையை உடைத்த கான்கிரீட் ஜல்லி. புல்வெளி நாய் என்கிற வளை தோண்டும் அணில் இனம் அங்கே அதிகம். அது கீழே போகாமல் ஜல்லி தடுக்கும். ஜல்லிக்கு மேல் தடிமனான மண், அதன்மேல் புல். அங்கே வருடத்துக்குச் சுமார் 15 அங்குல மழைதான். பெய்வதை மண் பிடித்து வைக்கும், புல் குடித்துவிடும், விஷம் வரை நீர் இறங்காது. எல்லாம் 2010-ல் முடிந்தது. செலவு சுமார் 210 கோடி டாலர். அதே மூடியைச் சென்னை மழையில் போட்டால் நிற்காது, யாரும் நகலெடுக்க வேண்டாம்.

நிலத்தடி நீர்?

இன்னும் முடியவில்லை. வளாக எல்லையில் நீரை இறைத்து, கரி வடிகட்டியில் விட்டு, திரும்ப நிலத்துக்குள்ளேயே அனுப்புகிறார்கள்.

சுற்றிப் பார்க்கப் போகலாமா?

தாராளமாக. 2007-ல் கொண்டுவந்த பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைக் கூட்டத்தைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம். ஏரியில் மீனும் பிடிக்கலாம், ஆனால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அங்கே விவசாயம், குடியிருப்பு எதற்கும் அனுமதி இல்லை.