மகள் விமானப் பணிப்பெண்ணாக விரும்புகிறாள்: விபத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள்

கிளிநொச்சியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உயர்தரம் முடித்த மகள் விமானப் பணிப்பெண் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், விமானம் விழுந்தால் என்ன செய்வது என்று உங்களுக்கு நித்திரை இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள் அம்மா. ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வருவது அதைவிட ஆபத்தானது. யோசிக்க வேண்டியது, வருடக்கணக்கில் உடம்பில் மெல்லச் சேருகிறவற்றைத்தான்.

பெரிய விஷயம் நித்திரை. ஒருநாள் நடுச்சாமத்தில் வேலை, மறுநாள் நேரமே வேறான ஊரில் படுக்கை. குளிர்காலத்தில் லண்டன் நேரம் எங்களுடையதைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்னால். இப்படியே போனால் சமிபாடு குழம்பும், மாதவிடாய் முறை தவறக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இரவு வேலையை, அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதையே சொன்னது.

அப்புறம் கதிர்வீச்சு. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கும் காற்று மேலே போகப் போக மெல்லியதாகிவிடும். அமெரிக்காவில் விமான ஊழியர் ஒருவருக்கு வேலையால் மட்டும் வருடத்துக்குச் சராசரியாக 3 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) சேர்வதாகக் கணக்கு. பூமத்திய ரேகைக்குக் கிட்டவான வழிகளில் பூமியின் காந்தப்புலம் கூடுதலாகப் பாதுகாப்பதால், சென்னை, மாலைதீவு போகிறவருக்கு இது குறைவு. ஐரோப்பா, வட அமெரிக்கா போகிறவருக்கு அதிகம். 2018இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க விமானப் பணியாளர்களிடம் செய்த ஆய்வில், பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் 3.4 சதவீதம், ஒப்பிட்ட பொதுமக்களிடம் 2.3. காரணம் கதிர்வீச்சா, கெட்ட நித்திரையா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. இதற்காக வேலையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கர்ப்பகாலம் வேறு கதை. வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. கர்ப்பமானால் தரையில் வேலை தருவார்களா, சம்பளம் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்னரே மகள் வாசிக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

முதுகுவலி, தடிமனோடு பறந்தால் வரும் காதுவலி, வறண்ட காற்று எல்லாம் உண்டு. ஆபிரிக்கா போனால் மலேரியா மாத்திரை கேட்டுப் போட வேண்டும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட பிறகு, எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலின் நினைவே இல்லை.

உங்கள் மகளுக்கு இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடிக்கடி தலைசுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும். நுவரெலியாவிலோ அதற்கும் மேலேயோ நின்று மணிக்கணக்கில் வண்டில் தள்ளுகிற வேலை இது. தலைசுற்று இரத்தச்சோகையாலும் வரலாம், இரத்தச்சோகை உள்ள உடம்பு இந்த வேலையைத் தாங்காது. இந்தக் கிழமையே கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதியுங்கள். குறைவாக இருந்தால் வைத்தியர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை எடுக்கட்டும். முருங்கையிலை, மீன், பருப்பு சாப்பாட்டில் கூடட்டும். விண்ணப்பத்தை அதன் பிறகு நிரப்பலாம், அவசரமில்லை.