அக்ராவில் எங்கே தங்குவது? தூத்துக்குடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, முந்திரிக்கொட்டை வாங்குற விஷயமா ஜூன் மாசம் கானா வர்றதா எழுதியிருந்தீங்க. துறைமுக ஊரான டெமாவுல ஒரு வாரம் வேலை, அப்புறம் வீட்டம்மாவோட நாலு நாள் தலைநகர் அக்ராவைச் சுத்திப் பார்க்கணும், எந்த ஏரியாவுல ரூம் போடலாம்னு கேட்டிருக்கீங்க. அக்ராவுல சர்க்கிள்ங்கிற ஏரியாப் பக்கம் மலிவா ஒரு ஹோட்டல் பார்த்து வச்சிருக்கீங்க. ஈஸ்ட் லெகோன்தான் நல்ல ஏரியான்னு வேற ஒருத்தர் சொல்லியிருக்கார்.

என்னைக் கேட்டா ரெண்டுமே வேண்டாம். வேலை நாளுக்கு டெமாவுலயே இருங்க. சுத்திப் பார்க்குற நாலு நாளுக்கு அக்ராவுல ஓசு இல்லேன்னா லபோன்ங்கிற ஏரியாவுக்கு மாறிடுங்க. ரெண்டு தடவை பெட்டி கட்டணுமேன்னு தோணும். கட்டிடுங்க. இந்த ஊர்ல நம்ம நேரத்தை முழுங்குறது ரோடுதான்.

டெமாவுக்கும் அக்ராவுக்கும் நடுவுல மோட்டார்வே 19 கிலோமீட்டர்தான். நாட்டோட முதல் ஜனாதிபதி நக்ருமா காலத்துல போட்ட கான்கிரீட் ரோடு. மேப்புல பார்த்தா அரை மணி நேரம் காட்டும். ஹார்பர் லாரியும் ஆபீஸ் கூட்டமும் சேர்ந்துட்டா அந்தக் கணக்கே வேற. சாயங்காலம் பேச்சுவார்த்தை முடிச்சுட்டு வண்டிக்குள்ள உட்கார்ந்து வேர்க்கிறதுக்கு, டெமாவுலயே குளிச்சுச் சாப்பிட்டுப் படுத்துடலாம். அது திட்டம் போட்டுக் கட்டின ஊர். துறைமுகம் 1962ல திறந்தாங்க. ஏரியாக்களுக்குப் பேரே கம்யூனிட்டி ஒன்று, கம்யூனிட்டி ரெண்டுன்னு நம்பர்தான். நம்ம நாட்டு ஆட்கள் ரொம்ப வருஷமா இருக்குற இடம்கிறதால பருப்பு, கோதுமை மாவுக்கு அலைய வேண்டாம். தூத்துக்குடிக்குப் போற கொட்டையும் தேக்கும் இந்த ஹார்பர் வழியாத்தான் கப்பல் ஏறுது, உங்களுக்கே தெரியும்.

சர்க்கிள் ஏன் வேண்டாம்னு சொல்றேன். நீங்க வர்றது மழைக்காலம். ஓடாவ்னு ஒரு ஆறு நகரத்துக்குள்ள ஓடுது. பெருமழை பிடிச்சா அதோட கரையெல்லாம் தண்ணிதான். சர்க்கிள் அதை ஒட்டித்தான் இருக்கு. 2015 ஜூன் 3ஆம் தேதி ராத்திரி அங்க வெள்ளத்துக்கு ஒதுங்கி ஒரு பெட்ரோல் பங்க்ல நின்னவங்க மேல தீ பரவி, வெள்ளமும் சேர்ந்து 150 பேருக்கு மேல போயிட்டாங்க. அந்தத் தேதியை இந்த ஊர்க்காரங்க இன்னும் மறக்கலை. பகல்ல போங்க, பழைய போன் கடைகளைப் பாருங்க, ட்ரோட்ரோங்கிற ஷேர் வேன்ல மேட், அதாவது கண்டக்டர், எப்படிக் கூவிக் கூவி ஆள் ஏத்துறான்னு பாருங்க. ராத்திரி தங்குறதுக்கு ஜூன்ல அது இடமில்லை.

ஈஸ்ட் லெகோன் வசதிக்காரங்க ஏரியா, குறை சொல்ல மாட்டேன். இங்கயே குடியிருக்குறவங்களுக்கு நல்ல இடம். நாலு நாள் வர்றவங்களுக்கு அங்க என்ன இருக்கு? உயரமான காம்பவுண்ட் சுவரும் கேட்டும்தான். கடலும் பழைய ஊரும் ரொம்பத் தள்ளி.

ஓசுல ரூமை விட்டு இறங்கினாலே ஊர் ஆரம்பிச்சிடும். ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்னு எல்லாரும் சொல்ற கடைத்தெரு இருக்கு. கருப்பு நட்சத்திர சதுக்கமும் கடலும் கிட்டதான். நக்ருமா நினைவிடம், ஜேம்ஸ்டவுன் கலங்கரை விளக்கம், மகோலா மார்க்கெட் எல்லாம் சின்ன சவாரிதான். சாயங்காலம் தெருவோரமா ஒரு அம்மா பெரிய சட்டியில வாழைப்பழத் துண்டு போட்டுக்கிட்டு இருப்பாங்க. நல்லாப் பழுத்த பழம், இஞ்சியும் மிளகாயும் பிரட்டினது. விளிம்பெல்லாம் கருகிச் சிவக்குற வரைக்கும் பொரிச்சு, பேப்பர்ல கட்டி, மேல வறுத்த வேர்க்கடலை போட்டுத் தருவாங்க. கெலெவெலேன்னு கேளுங்க. உங்க வீட்டம்மா சைவம்னு சொன்னதால முக்கியமாச் சொல்றேன்: வாச்சேங்கிற அரிசி-பயறுச் சோறும் அவங்களுக்கு ஒத்துக்கும். ஆனா மேல ஊத்துற கருப்பு மிளகாய்த் தொக்கு, ஷிட்டோ, அதுல இறாலும் கருவாட்டுப் பொடியும் இருக்கும். அது வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க. குழம்புலயும் மீன் இருக்கான்னு கேட்டுக்கங்க.

ஓசுல வெள்ளி, சனி ராத்திரி பாட்டுச் சத்தம் இருக்கும். தூக்கம் முக்கியம்னா பக்கத்துல இருக்குற லபோன். மரம் நிறைய, அமைதியான தெரு, நல்ல விருந்தினர் விடுதிகள். கடைக்கு வேணும்னா ஓசுக்கு ஒரு டாக்ஸி. நானா இருந்தா குடும்பத்தோட லபோன்லதான் தங்குவேன்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி விடுதிக்காரங்களுக்கு ஒரு போன் போடுங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க ஓடுமா? தண்ணித் தொட்டி இருக்கா? பக்கத்துக் கட்டிடம் என்ன? இதைக் கட்டாயம் கேளுங்க, ஏன்னா பக்கத்துல சர்ச் இருந்தா வெள்ளிக்கிழமை விடிய விடிய ஸ்பீக்கர் வச்சு ஜெபம் நடக்கலாம். ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னாடி, மே-ஜூன் வாக்குல, இந்த ஊர்ப் பூர்வகுடிகளான கா மக்களோட வழக்கப்படி ஒரு மாசம் மேளச் சத்தத்துக்குத் தடை உண்டு. தேதி பகுதிக்குப் பகுதி மாறும், அதையும் கேட்டுக்கங்க. மழையில கார் வாசல் வரைக்கும் வருமான்னும் கேளுங்க. மெயின் ரோட்டை விட்டு உள்ள போனா செம்மண் பாதை நிறைய.

வருஷம் பூரா ஆறு மணி வாக்குல இருட்டிடும். ரோட்டோரச் சாக்கடை ஆழமா இருக்கும், பல இடத்துல மூடி இருக்காது. அதனால சின்ன தூரம்னாலும் இருட்டினப்புறம் ஆப்ல வண்டி போட்டுப் போங்க. டிரைவருக்கு ரொக்கமா இல்ல மொபைல் மணியா (போன் நம்பருக்கு அனுப்புற பணம்) கொடுக்கிறதுதான் பிடிக்கும், கார்டுன்னா சிலர் வர மாட்டாங்க. போனைக் கையில நீட்டிக்கிட்டு ரோட்டோரமா நிக்காதீங்க, பைக்ல வந்து பிடுங்கிட்டுப் போறது நடக்குது. மத்தபடி தன்மையான மனுஷங்க. வழி கேட்டா கூடவே நடந்து வந்து காட்டுவாங்க.

டெமாவுல இருந்து மாறுறதை ஞாயித்துக்கிழமை காலையில வச்சுக்கங்க. ஊரே சர்ச்சுக்குள்ள இருக்கும், ரோடு காலி. மோட்டார்வே வேண்டாம், நுங்குவா, டெஷி வழியா கடலோர ரோட்ல வாங்க. டெஷியில மீன், கோகோ காய், விமானம் மாதிரியெல்லாம் சவப்பெட்டி செய்ற தச்சுப் பட்டறைகள் இருக்கு. இறந்தவர் என்ன தொழில் பார்த்தாரோ அந்த உருவம். மர வியாபாரம் தெரிஞ்ச ஊர்க்காரர் நீங்க, அந்த வேலைப்பாட்டை நின்னு பார்ப்பீங்க.

கேப் கோஸ்ட் கோட்டை பார்க்கணும்னா ஒரு ராத்திரி அங்கயே தங்குங்க. மேற்கே கசோவா தாண்டணும், அந்த நெரிசல்ல போய்ட்டு அன்னைக்கே திரும்புறது வீட்டம்மாவுக்குச் சிரமம். விடியுறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க. வர்ற தேதி முடிவானதும் சொல்லுங்க, லபோன்ல நானே நேர்ல போய் ரூமைப் பார்த்துட்டுச் சொல்றேன்.