ரஷ்யன் டாய் குட்டி: கால்சியம் பாட்டிலை மூடிவிட்டுத் தராசை எடுங்கள்

கேள்வி: எங்களிடம் 11 வாரம் ஆன, குட்டை முடியுள்ள ரஷ்யன் டாய் இனப் பெண் நாய்க்குட்டி இருக்கிறது. 6 வாரத்தில் வாங்கினோம். இப்போது ஏறக்குறைய 800 கிராம் இருக்கும். அதன் வலது காது நிமிர்ந்துவிட்டது, இடது காது மடிந்தே கிடக்கிறது. கால்சியம் சிரப் கொடுத்தால் நிமிர்ந்துவிடும் என்று விற்றவர் சொல்கிறார். ஒரு வேளைக்கு எத்தனை மில்லி கொடுக்கலாம்? இன்னொரு விஷயம், மூன்று நாட்களாகக் காலையில் எழுந்ததும் சோர்ந்து, கால் தள்ளாடுகிறது. கொஞ்சம் பால் குடித்ததும் சரியாகிவிடுகிறது.

பதில்: காதுக்கு ஒரு மில்லிகூட வேண்டாம். காது நிமிர்வது குருத்தெலும்பு உறுதிப்படுவதால். சிரப்பில் உள்ள கால்சியம் அந்த வேலையைச் செய்வதில்லை. 11 வாரத்தில் ஒரு காது முந்திக்கொள்வதும் மற்றொன்று பின்தங்குவதும் வழக்கம். நாலாவது மாதம் தொடங்கி ஆறேழு மாதம் வரை பல் மாறும் காலத்தில், நிமிர்ந்த காதே மறுபடி சாய்ந்து பிறகு எழுவதும் உண்டு. வளரும் குட்டிகளுக்கான முழுமையான உணவில் கால்சியமும் பாஸ்பரசும் ஏற்கெனவே அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கூடுதலாக வரும் கால்சியத்தை ஏற்காமல் தள்ளிவிடும் திறன் இந்த வயதுக் குடலுக்கு முழுமையாக வந்திருக்காது. ஆகவே நீங்கள் ஊற்றுவது எலும்பு வளர்ச்சியைத்தான் குலைக்கும்.

உங்கள் கடிதத்தின் முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது கடைசி வரியில் இருக்கிறது. காலையில் தள்ளாட்டம், வயிற்றில் ஏதாவது விழுந்ததும் தெளிவு என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தச் சர்க்கரை குறைவதையே. இத்தனை சிறிய குட்டியின் கல்லீரலில் சேமிப்பு மிகக் கொஞ்சம். தசையும் இல்லை, கொழுப்பும் இல்லை. உடலோடு ஒப்பிட்டால் பெரிதான மூளையோ இரவு முழுதும் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. இன்று தள்ளாட்டமாகத் தெரிவது நாளை நடுக்கமாகவும், அடுத்து வலிப்பாகவும் மாறலாம். நாளை வரை காத்திராமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தள்ளாட்டம் கண்டதும் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தேயுங்கள். வலிப்பிலோ மயக்கத்திலோ இருக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். சர்க்கரை சேர்க்காத இனிப்புப் பொருள்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கி, இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும்.

பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உணவு கொடுங்கள். உறங்கப்போகும் முன் ஒரு வேளை, இப்போதைக்கு நடு இரவில் ஒரு வேளை, கண் விழித்ததும் ஒரு வேளை. மாட்டுப் பாலை நிறுத்துங்கள். அதனால் கழிச்சல் வந்தால் இந்த உடல் தாங்காது. படுக்கை கதகதப்பாக இருக்கட்டும், குளிரும் சர்க்கரையைத் தின்னும். குடற்புழு மருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். இவ்வளவும் செய்தும் தள்ளாட்டம் தொடர்ந்தாலோ, உணவு உண்ட பிறகு குட்டி மந்தமாகிச் சுவரை வெறித்தாலோ, கல்லீரலைத் தவிர்த்து இரத்தம் வேறு வழியில் ஓடும் பிறவிக் குறையையும் நினைக்க வேண்டும். உண்பதற்கு முன்னும் பின்னும் பித்த அமிலம் பார்க்கும் இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை மிகவும் உறுத்தியது ‘ஏறக்குறைய 800 கிராம்’ என்னும் சொல்தான். இந்த இனத்தை ஏறக்குறையவில் வளர்க்க முடியாது. 800 கிராம் குட்டி ஒரே நாளில் 40 கிராம் இழந்தால், 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒரே நாளில் 3 கிலோ இழந்ததற்குச் சமம். கையில் தூக்கிப் பார்த்தால் அந்த 40 கிராம் தெரியாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசை எடுத்து, அகலமான கிண்ணத்தில் மடித்த துண்டைப் போட்டு, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, உணவுக்கு முன் குட்டியை அதில் உட்கார வையுங்கள். அது திரும்பித் திரும்பிப் பார்க்கும், எண்ணும் தாவிக்கொண்டே இருக்கும். மூன்று முறை பார்த்து நடுவில் வரும் எண்ணைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு நாள் ஏறாமல் நின்றால் உணவைக் கவனியுங்கள். இரண்டு நாள் நின்றாலோ ஒரு நாள் இறங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். ‘நன்றாகத்தான் சாப்பிடுகிறது’ என்று மனதாரச் சொன்னவர்களின் குறிப்பேட்டில் நான்கு நாள் தொடர்ந்து இறங்கிய எண்களை நானே பார்த்திருக்கிறேன். தட்டில் முகத்தை வைத்திருந்ததை அவர்கள் பார்த்தார்கள், விழுங்கியதைப் பார்க்கவில்லை. எந்த டானிக்கைவிடவும் இந்தக் குறிப்பேட்டையே நான் நம்புகிறேன்.

6 வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்றவரின் பேச்சை இனிக் கேட்காதீர்கள். இவ்வளவு சிறிய இனத்தில் 10 அல்லது 12 வாரத்துக்கு முன் குட்டியைக் கைமாற்றுவது பொறுப்பற்ற செயல். அவர் ‘டீகப்’ (தேநீர்க் கோப்பை அளவுக் குட்டி) என்று சொல்லி விற்றிருந்தால் அது வெறும் வியாபாரப் பெயர். எஃப்.சி.ஐ. என்னும் உலக நாயினக் கூட்டமைப்பு 2006-இல் தற்காலிகமாகவும் 2017-இல் முழுமையாகவும் ஏற்ற இந்த இனத்தின் இலக்கணம், 20 முதல் 28 சென்டிமீட்டர் உயரம், 3 கிலோ வரை எடை என்பதுதான். 1917 புரட்சிக்குப் பிறகு ஏறக்குறைய அழிந்து, 1950-களில் மாஸ்கோவில் எஞ்சிய சில நாய்களைக் கொண்டு மீட்டெடுத்த இனம் இது. அதை மேலும் சுருக்கி விற்பது அந்த உழைப்புக்குச் செய்யும் துரோகம்.

கால் எலும்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பென்சில் பருமனுள்ள இந்த முன்னங்கால்கள் சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். மணிக்கட்டுக்கு மேலே இரத்த ஓட்டம் குறைவு என்பதால், அங்கே முறிந்த எலும்பு எளிதில் கூடாது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது ஒரு பின்னங்காலை இரண்டு எட்டு வைக்கும் நேரம் தூக்கிவிட்டு மறுபடி ஊன்றினால் முழங்காற்சில்லு நழுவுகிறது என்று பொருள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள், மூச்சுக்குழாய் நசுங்காது. ஆறாவது மாதத்தில் பால் கோரைப்பல்லும் புதிய கோரைப்பல்லும் அருகருகே நின்றால், தானே விழும் என்று விடாமல் பால்பல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து 14 நாள் எடையையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள். இடது காது அப்போதும் மடிந்தே இருந்தால் இருக்கட்டும்.