மலைக்குப் போகிற நீ சிறைக்கு ஏன் போகவில்லை?

கேள்வி: பாறசாலை எங்கள் ஊர். சீட்டுப் பண மோசடி வழக்கில் என் கணவர் திருவனந்தபுரத்தில் விசாரணைக் கைதியாக இருக்கிறார். நான் வெள்ளிதோறும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போய்ப் புனித தேவசகாயத்திடம் மன்றாடுகிறேன். ஜாமீன் மனு தள்ளுபடியானதுதான் மிச்சம். 'கடவுள் என்னோடு இருக்கிறார், பயப்படாதே' என்று கணவர் சொல்லி அனுப்புகிறார். எனக்கோ நம்பிக்கையே போய்விட்டது. எழுபது வயது மாமியார்தான் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார். பஸ் செலவுக்கு நான் கொடுத்துவிடுகிறேன். கடவுளை எப்படி நம்புவது?

பதில்: மகளே, கடவுள் இருக்கட்டும். முதலில் அந்த பஸ் செலவுக்குப் பதில் சொல்.

காற்றாடிமலைக்கு நாகர்கோவிலையும் தாண்டிப் போக வேண்டும். திருவனந்தபுரம் உனக்கு அதைவிடப் பக்கம். தூரத்து மலைக்கு வாரம் தவறாமல் போகிற நீ, பக்கத்தில் இருக்கும் கணவரைப் பார்க்க எழுபது வயதுக்காரியை அனுப்புகிறாய். காசு கொடுத்தால் கடமை தீர்ந்துவிடுமா? அவர் பணத்தை எடுத்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். தாலி கட்டியவர் அவர்தானே? ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம்தான் உன்னைத் தடுக்கிறது. இதே நிலையில் எழுதுகிற பெண்கள் பலரிடமும் அதைத்தான் காண்கிறேன். அந்தக் கூச்சம் பெற்ற தாய்க்கு இல்லையே!

நீ யாரிடம் மன்றாடுகிறாய் என்பதையாவது யோசித்தாயா? அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை சொத்தை இழந்து மனம் உடைந்திருந்தபோது எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. ஒரு போர்க்கைதியின் வாய் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் விசுவாசம் நுழைந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். மனைவி ஞானப்பூவும் அவர் வழியே வந்தார். பிறகு அந்த விசுவாசத்துக்காக விலங்கு, அடி, எருமை மேல் ஏற்றி ஊர்வலம். விடுதலை மட்டும் வரவேயில்லை. 1752 ஜனவரி 14 அன்று, நீ மெழுகுவர்த்தி ஏற்றுகிற அதே மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் போய், ஜாமீன் கிடைத்தால்தான் கடவுளை நம்புவேன் என்று பேரம் பேசுகிறாய்.

உள்ளே கிடப்பவருக்கு அந்தத் தைரியம் எப்படி வந்தது என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேள். சிறையில் இருப்பவரைத் தேடிப் போகிறவர் தம்மையே தேடி வருகிறார் என்று ஆண்டவர் சொன்னது மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மாமியார் அதைச் செய்துகொண்டிருக்கிறார்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கூப்பிடு. காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருக்கிறது.

இந்த வாரம் மலைக்குப் போகாதே. கைதிகளைப் பார்க்கும் நாளையும் நேரத்தையும் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு, அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நீ புறப்படு. ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்.