சுடு என்றால் சுட வேண்டுமா?

கேள்வி: மேலதிகாரி ‘சுடு’ என்றால் சிப்பாய் சுட்டுத்தானே ஆக வேண்டும்? அப்புறம் அவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

பதில்: வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று நடந்ததைப் பாருங்கள். எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லாத ஊரில் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என நூற்றுக்கணக்கானவர்களை அமெரிக்கப் படையினர் சுட்டுத் தள்ளினார்கள். அந்தப் படையினரில் ஒரு பிரிவை நடத்திய லெப்டினன்ட் காலி நீங்கள் சொன்ன அதே வாதத்தைத்தான் வைத்தார், மேலிடத்து உத்தரவு என்று. எடுபடவில்லை. சாதாரண அறிவுள்ள எவருக்கும் சட்டவிரோதம் என்று தெரிகிற உத்தரவு ஒரு கேடயமே இல்லை என்பதுதான் சட்டம். 22 பேரைக் கொன்றதாக 1971-ல் ஆயுள் தண்டனை; ஆனால் அனுபவித்ததோ பெரும்பாலும் வீட்டுக்காவல், அதுவும் சில ஆண்டுகள்தான். அவருடைய கேப்டன் மெடினா விடுதலை. ஆக, உங்கள் கோபத்தில் பாதி நியாயம்தான்.

ஆனால் அதே நாளில் ஹியூ தாம்ப்சன் என்ற பைலட், ஓடி ஒளிந்த கிராமத்தாருக்கும் தன் நாட்டுப் படைக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கி, ‘நம் ஆட்கள் இவர்களைச் சுட்டால் அவர்களையே சுடுங்கள்’ என்று தன் குழுவிடம் சொன்னார். அவருக்குப் பல வருடம் கிடைத்தது துரோகிப் பட்டமும் மிரட்டலும். இதற்காக ‘சோல்ஜர்ஸ் மெடல்’ என்ற பதக்கம் வந்தது 1998-ல், 30 வருடம் கழித்து!